தம்பிக்குப் பின் பிறந்த அக்கா

2-12-1985, திங்கள்

மழை விட்டு இன்றுதான் பள்ளி ஒழுங்காக நடந்தது. அறுபத்திரண்டு பிள்ளைகளில் ஐம்பத்தொரு பேர் வந்தார்கள். ஹபீபுல்லா சார் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர், பதினொன்றரைக்கு முழங்கால்வரை சேறோடு வந்து நின்றார். பாதி வழி அவர் சைக்கிள்மேல் வந்தாராம், மீதி வழி சைக்கிள் அவர்மேல் வந்ததாம். இருக்கிறதே இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

தபாலில் எம்.ஏ. பாடங்கள் வந்திருக்கின்றன. மேலைநாட்டு அறவியல், ஏழு பாடம். சைக்ளோஸ்டைல் மை விரலெல்லாம் ஒட்டுகிறது. நான் கேட்டது வரலாறு. இடமில்லை, தத்துவம்தான் இருக்கிறது என்று எழுதினார்கள். நாற்பத்தொரு வயதில் கிடைத்ததைப் படிக்க வேண்டியதுதான். வீட்டில் இவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சுலோ, நல்லது கெட்டது எதுன்னு வெள்ளக்காரன் வந்துதான் நமக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தார். சொசைட்டியில் உர மூட்டை விற்கிறவருக்கு எல்லாம் வேடிக்கை.

ஊரில் ஒரே பேச்சு. தாண்டவராயன் மகள் கனகா, என்னிடம் ஐந்தாவதுவரை படித்தவள், போன மாதம் பதினாலாம் தேதி தையல்கடை அருள்தாஸோடு போய்விட்டாள். திண்டிவனத்தில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பையன் காலனிக்காரன். நாற்பது காணி நிலம் வைத்திருக்கிற அப்பன் சும்மா இருப்பானா? மைனர் பெண்ணைக் கடத்தினான் என்று கேஸ் கொடுத்துவிட்டான். அருள்தாஸ் சப்-ஜெயிலில். அப்பன் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்று கனகா சொன்னதால் அவளைக் காஞ்சிபுரத்தில் அரசாங்க விடுதியில் வைத்திருக்கிறார்கள்.

நன்றாகத் தைப்பாள் என்று கேள்வி. வாய்ப்பாடுதான் கடைசிவரை வரவில்லை.

12-12-1985, வியாழன்

ஏட்டு வந்தார், கனகாவின் பிறந்த தேதி வேண்டும் என்று. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். வரிசை எண் 14, த. கனகா, 1-6-1968. அவர் நகல் எடுத்துக்கொண்டார். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். "பதினேழு வயசு அஞ்சு மாசம். மைனர்தான். கேஸ் கெட்டியா நிக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு ஏன் பக்கத்தைத் திருப்பினேன் என்று தெரியவில்லை. அடுத்த பக்கம், எண் 31. த. ராஜாராம். அதே தாண்டவராயன் மகன், கனகாவின் தம்பி. பிறந்த தேதி 5-5-1968.

மறுபடி முன்பக்கம் போனேன். மறுபடி பின்பக்கம். தம்பி மே மாதம் பிறந்திருக்கிறான். அக்கா அவனுக்கு இருபத்தேழு நாள் கழித்துப் பிறந்திருக்கிறாள்.

எல்லாம் என் கையெழுத்து. 1973 ஜூன். அப்போது நான் உதவி ஆசிரியை. தலைமை ஆசிரியர் ஐசக் சார். ஒன்றாம் வகுப்பில் நாற்பது பேர் சேராவிட்டால் ஓர் ஆசிரியரை எடுத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு ஜூனிலும் எங்களுக்குப் பயம். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? ஏரி உடைந்த வருஷம், மாடு செத்த மாசம் என்பார்கள். பிள்ளையின் வலது கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் கையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, ஐந்து வயது. தேதி என் இஷ்டம்தான், எல்லாம் மே, ஜூன். மற்ற மாதங்களில் எங்கள் ஊரில் யாரும் பிரசவிப்பதே இல்லை.

கனகாவை அழைத்து வந்தது அவள் அம்மா தாயாரம்மாள். பெண்ணைப் பார்த்தாலே ஆறு தாண்டியது தெரிந்தது. "ஓட்டுப் போட்டுட்டு வந்து படுத்தேன் டீச்சரம்மா, விடியறப்ப பொறந்துட்டா" என்றாள். அப்படியென்றால் 1967 பிப்ரவரித் தேர்தல். சொல்லிவிட்டு, "பொட்டப்புள்ள, வயசக் கொறச்சே போடுங்க. நாளைக்குக் கல்யாணப் பேச்சுக்கு நல்லது" என்றும் சொன்னாள். குறைத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து, அக்காவைத் தேடி அழுகிறான் என்று ராஜாராமைக் கொண்டுவந்து விட்டாள். அவனுக்கு ஐந்து ஆகவில்லை. கூட்டிப் போட்டேன். அவளைக் கீழே இழுத்து இவனை மேலே தூக்கியதில் இரண்டு பேரும் வழியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை இன்ஸ்பெக்ஷன்! எத்தனை பச்சை மைக் கையெழுத்து! ஒருவர்கூடவா பார்க்கவில்லை? நானே பார்க்கவில்லையே.

கனகாவுக்குப் பதினெட்டு முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவள் மைனர் இல்லை. அந்தப் பையன் யாரையும் கடத்தவில்லை.

13-12-1985

யாரிடமும் சொல்லவில்லை.

21-12-1985

ரூசோ பாடம். குழந்தையை அதன் போக்கில் வளர விட வேண்டும், அவசரப்பட்டுப் புத்தகத்தைத் திணிக்கக் கூடாது என்கிறார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே போனால், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் விட்டுவிட்டாராம். அட பாவி மனுஷா! ஹபீபுல்லா சாரிடம் சொல்லிப் பொருமினேன். "ஊருக்குத்தான் உபதேசம் டீச்சர்" என்றார்.

ரூசோவை நன்றாகத் திட்டினேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. பஸ் ஏறியபிறகுதான், திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்யதை என்று தோன்றியது.

5-1-1986, ஞாயிறு

சாப்பிடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன். மென்றுகொண்டே கேட்டார். கடைசியில்,

"உன் கையெழுத்துல அந்த ரிஜிஸ்டர்ல எத்தினி பேரு கீறாங்க?"

"முந்நூறு சொச்சம்."

"நீ போயி, தேதியெல்லாம் என் இஷ்டத்துக்கு எழுதனதுன்னு கோர்ட்ல சொன்னா, முந்நூறு பேரு சர்ட்டிபிகேட்டும் செல்லாக்காசு. ஒருத்தன் பஸ்ல கண்டக்டரா கீறான், ஒருத்தன் மிலிட்டரிக்கு எழுதிப் போட்டுக்கினு கீறான். ஒரு தையக்காரனுக்காவ அத்தினி பேரையும் பேஜார்ல உடுவியா?"

நேற்றுத்தான் பெந்தம் பாடம் முடித்தேன். அதிகம் பேருக்கு அதிக நன்மை எதுவோ அதுவே சரி. அதைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். இவர் ரசம் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில் சொல்லிவிட்டார்.

என் வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசாமலே இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

12-1-1986, ஞாயிறு

அருள்தாஸின் அம்மா முனியம்மாள் வந்தாள். காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். உள்ளே வாம்மா என்றேன். "இருக்கட்டும்மா" என்று வாசல் படலோடு நின்றுகொண்டாள். பேச ஆரம்பித்தால் இருமல்.

"புள்ளைய ஜாமீன்ல எடுக்கறதுக்கு நெலம் கீற ஆளு கையெழுத்து போடணுமாம். தாண்டவராயனுக்குப் பயந்துக்கினு ஒருத்தரும் வரல. அந்தப் பொண்ணுக்கு வயசு ஆயிட்ச்சாம்மா. அதுவே சொல்லிச்சாம் எம் புள்ளகிட்ட. பள்ளிக்கூடத்துலதான் தப்பா கீதுன்னு. நீங்கதான எழுதனீங்க? ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்கம்மா."

"ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதாம்மா" என்றேன்.

பொய் இல்லை. இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். எங்கள் எவர்சில்வர் டம்ளரிலேயே கொடுத்தேன். தெருவில் வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சீ!

14-1-1986

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது.

26-1-1986

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தோம். கலைந்தபிறகு செங்கேணி ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்தார். அவர் மகன் போலீஸில் தேர்வாகியிருக்கிறான். பள்ளிக்கு விசாரணைக் கடிதம் வருமாம். "தேதி நீங்க போட்டதுதான டீச்சரம்மா, ஒண்ணும் கொழப்பம் வராதே?" என்றார். அவர் மகனை எனக்கு நன்றாகத் தெரியும். நாய்க்குட்டியைப் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தவன். ஒரு குழப்பமும் வராது என்றேன்.

மத்தியானம் கான்ட். இந்த மனிதர் பிறந்த ஊரின் எல்லையைக்கூட அதிகம் தாண்டியதில்லையாம். கல்யாணமும் இல்லை. பொய் எப்போதும் தப்பு என்கிறார். ஒரு கொலைகாரன் கதவைத் தட்டி, உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாதாம். மூளை கலங்கிய கிழவன் என்று பக்கத்தை மூடினேன். மறுபடி திறந்தேன். நீ செய்வதை எல்லோரும் செய்தால் உலகம் தாங்குமா என்று முதலில் பார், பிறகு செய் என்கிறார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் எல்லா வாத்தியாரும் இஷ்டத்துக்குத் தேதி போட்டால்?

எல்லோரும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உலகம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு பையன் உள்ளே இருக்கிறான்.

கான்ட் பாடத்துக்கு விடைத்தாள் எட்டுப் பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தாயிற்று.

16-2-1986, ஞாயிறு

மானாம்பதி பஸ் நிறுத்தத்தில் தாயாரம்மாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டாள். மகளைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா, அன்னிக்கு நான் சொன்னது ஞாபகம் கீதா?"

"எது?"

"ஓட்டுப் போட்டுட்டு வந்த கதை. அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வூட்டுக்காரரு வெட்டிப் போட்டுருவாரு என்ன."

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆஸ்டல்ல சோறு நல்லா போடறாங்களாமா? அவளுக்குக் காரம் ஆவாது" என்றாள். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஆக, சாட்சி சொல்லக்கூடியவர்கள் இவள், நான், வீட்டில் இவர் என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் வாயில் கொழுக்கட்டை.

பஸ்ஸில் பிளேட்டோ படித்தேன். நாட்டு நன்மைக்காக ஆளுகிறவர்கள் ஓர் உயர்ந்த பொய் சொல்லலாமாம். சிலரைத் தங்கம் கலந்தும் சிலரை வெள்ளி கலந்தும் மீதிப்பேரை இரும்பு, பித்தளை கலந்தும் கடவுள் படைத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்க வேண்டுமாம். அவரவர் இடத்தில் அவரவர் சும்மா இருப்பார்கள் என்று. இதற்குக் கிரேக்க தேசம் போவானேன்? மெயின்ரோட்டிலிருந்து காலனிக்குத் திரும்பும் இடத்தில் நின்றால் போதும்.

வேறு சாதிப் பையனாக இருந்தால் தாண்டவராயன் இவ்வளவு தூரம் போயிருப்பானா? இரண்டு நாள் கத்திவிட்டுத் தாலி எடுத்துக் கொடுத்திருப்பான்.

14-3-1986

விடைத்தாள் திருத்தி வந்தது. ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'உண்மையின் கடமையை உணர்ந்து எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுகள்.'

இவர் அதைத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

9-4-1986, புதன்

முனியம்மாள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலாம்.

10-4-1986

காலனிக்குப் போனேன். போனவள் ஓரமாகத்தான் நின்றேன். மூன்று மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் அருள்தாஸைக் கூட்டிவந்தார்கள். கையில் விலங்கு. மண் போடுவதற்காவது அவிழ்த்துவிடுங்கள் என்று பாதிரியார் கேட்டார். ஒரு கையை மட்டும் அவிழ்த்தார்கள். மறு கை விலங்கின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், குழியோரம் அவன். இடது கையால் மண் அள்ளிப் போட்டான். அரை மணி நேரம். திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தானா தெரியாது.

கொலைகாரன் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று எட்டுப் பக்கம் எழுதினேனே! என் கதவைத் தட்டினது கொலைகாரன் இல்லை. ஒரு கிழவி. இருமிக்கினு நின்னா. உண்மை உள்ள இருக்கான்னு கேட்டா. இல்லம்மான்னு சொல்லித் தண்ணி குடுத்து அனுப்பினேன். இதுக்கு எந்தப் பாடத்துல விடை இருக்கு? ஒரு பாடமும் வேணாம். எனக்கே தெரியும்.

5-5-1986

இன்று ராஜாராமுக்குப் பிறந்தநாள். நான் வைத்தது.

20-5-1986

காஞ்சிபுரத்தில் பரீட்சை. பெந்தத்தையும் கான்ட்டையும் ஒப்பிடுக. மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. நன்றாக எழுதியிருக்கிறேன்.

6-6-1986, வெள்ளி

சம்மன். பதினேழாம் தேதி, பதிவேட்டோடு நேரில் வர வேண்டும்.

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ரிஜிஸ்டரக் காட்டு. உன் கையெழுத்தான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லு. வூட்டுக்கு வந்துரு. கேக்காததுக்கெல்லாம் ஏன் பதில் சொல்ற?"

"அந்தப் பையன் ஆறு மாசமா உள்ளே இருக்கான்."

"சரி, சொல்லித்தான் ஆவணும்னா, ஐசக் சார் சொன்னாரு, நான் எழுதனேன்னு சொல்லு. கீழ அவரு கையெழுத்துதான கீது? அவரு செத்துப் போயி ஆறு வருஷம் ஆவுது. அவர யாரு சஸ்பெண்ட் பண்ணப் போறாங்க?"

யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு நல்ல யோசனை இதுவரை யாரும் சொல்லவில்லை. ஐசக் சார் எண்ணிக்கை வேண்டும் என்று சொன்னது உண்மை. கனகாவுக்கு இந்தத் தேதி போடு என்று சொன்னதில்லை. அவர் மேஜைக்கு நான் கொண்டுபோய் வைத்தேன், போட்டார். என்னை நம்பிப் போட்டார்.

16-6-1986

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. இதுதான் நிஜம். அப்புறம் ஒரு நாள் இதைப் படிக்கும்போது, முன்பே முடிவெடுத்திருந்தேன் என்று நானே என்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. அதற்காக எழுதிவைக்கிறேன்.

17-6-1986, செவ்வாய்

காஞ்சிபுரம் கோர்ட். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கனகா ஒரு பெண் போலீஸோடு பெஞ்சில். இளைத்துப் போயிருந்தாள். அருள்தாஸ் கூண்டில். தாண்டவராயன் வெள்ளை வேட்டியில், முதல் வரிசையில்.

அரசு வக்கீல் கேட்டார். இது உங்கள் கையெழுத்தா? ஆம். இதில் உள்ள தேதி 1-6-1968தானே? அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அருள்தாஸுக்கு இலவசமாகக் கொடுத்த வக்கீல், சின்னப் பையன், எழுந்தான். சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழ் காட்டினார்களா? இல்லை. அவனுக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. நீதிபதி தலையைத் தூக்காமலே, போகலாம் என்றார்.

இவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. கேட்டார்கள், ஆமாம் என்றேன், இனி வீட்டுக்குப் போகலாம். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் சோறு இறங்காமல் பயந்தது இந்த மூன்று நிமிஷத்துக்கா!

"ஐயா, அடுத்த பக்கத்தையும் பார்க்கணும்" என்றேன்.

"என்ன?"

"முப்பத்தொண்ணாம் நம்பர். இதே பெண்ணோட தம்பி."

குமாஸ்தா வாங்கித் திருப்பினார். வாய்க்குள் படித்தார். மறுபடி படித்தார். களுக்கென்று சிரித்துவிட்டு, நீதிபதியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நீதிபதி பதிவேட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதில் யார் மூத்தவர்?"

"அக்காதான் ஐயா. ஒண்ணரை வருஷத்துக்கு மேல மூத்தவ."

"அப்படியானால் இது?"

"நான் போட்டது. ரெண்டு தேதியும் நான் போட்டது. பெண்ணுக்குக் குறைச்சு, பையனுக்குக் கூட்டி. ரெண்டும் பொய்."

பின்னாலிருந்து தாண்டவராயன், "இன்னா டீச்சர், காசு வாங்கிக்கினு பேசறியா?" என்று கத்தினான். நீதிபதி மேஜையைத் தட்டினார். பிறகு என்னிடம், சத்தமில்லாமல், "இப்படி எத்தனை தேதி போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"என் கையெழுத்துல இருக்கறதுல முக்கால்வாசி, ஐயா."

"தலைமை ஆசிரியர் கையெழுத்து இருக்கிறதே."

"அவருக்குத் தெரியாது. நான் எழுதினேன், என்னை நம்பிப் போட்டார்."

அவர் எழுதிக்கொண்டார். பேனா ரொம்ப நேரம் ஓடியது. எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கோர்ட்டுக்குக் கூட வந்திருந்த இவர், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தார். வாலாஜாபாத் தாண்டியபிறகு, "பசிக்குதா?" என்றார். அழுதுவிட்டேன்.

4-7-1986

பதிவேட்டை நம்ப முடியாது என்று கனகாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எலும்பைப் படம் பிடித்தார்களாம். பதினெட்டு முடிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அருள்தாஸுக்கு விடுதலை. இரண்டு பேரும் கோர்ட்டிலிருந்து நேரே பஸ் ஏறிப் போனார்களாம். ஹபீபுல்லா சார்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "நானும் ஐம்பது பேருக்குத் தேதி போட்டிருக்கேன் டீச்சர்" என்றார். மணி அடித்தோம்.

19-7-1986

துறை நடவடிக்கை எடுக்க 17(பி) மெமோ வந்தது. அரசு ஆவணத்தில் தெரிந்தே பொய்யான பதிவு. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்க என்ன இருக்கிறது?

2-8-1986

செங்கேணி பள்ளிக்கு வந்தார். மகனுக்குப் போலீஸ் வேலை உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வயதுக்கு வேறு அத்தாட்சி கேட்கிறார்கள். எங்கே போவார்? அவனைக் காதைத் தொடச் சொன்னவள் நான்தான். தேதியும் என்னுடையது. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"கொழப்பம் வராதுன்னு சொன்னீங்களே டீச்சரம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, இவர் சொன்னதும் சரிதான். கான்ட் சொன்னதும் சரிதான். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியுமா? இருக்கிறார்களே. அதற்கு நான் என்ன செய்ய?

30-9-1986

உத்தரவு. இரண்டு வருஷத்துக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. மாகறல் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல், தலைமை ஆசிரியை இல்லை, உதவி ஆசிரியை. வேலை போகவில்லை. போகும் என்றுதான் நினைத்திருந்தேன். பதிவேட்டை ஹபீபுல்லா சாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

22-10-1986

பரீட்சை முடிவு. தேறிவிட்டேன். அறவியலில் எழுபத்தொன்று. இருப்பதிலேயே அதுதான் அதிகம். இவர் இந்த முறை தெருவில் காட்டவில்லை.

14-12-1986, ஞாயிறு

மத்தியானம் கனகாவும் அருள்தாஸும் வந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடைத் தெருவில் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுக்கிறார்களாம், அவன் சட்டை, அவள் ரவிக்கை. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஒரு சீப்பு பழமும் பிஸ்கட் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார்கள். காலில் விழப் போனார்கள். வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தேன். உட்காரச் சொல்லி மூன்று முறை சொன்னபிறகுதான் அருள்தாஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கனகா, நான் காபி போடறேன் டீச்சர் என்று உரிமையாக உள்ளே போய்விட்டாள். அம்மா ரகசியமாக ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். அப்பா இன்னும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், எங்கம்மா உங்கள வந்து பாத்தாங்களாமே?"

"வந்தாங்கப்பா. போன பொங்கலுக்கு முன்னாடி."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா, தேதி தப்புன்னு?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

"தெரியாதுப்பா" என்றேன். "சம்மன் வந்து ரிஜிஸ்டரை எடுத்தப்பதான் பார்த்தேன்."

அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அதான் நானும் கனகாகிட்ட சொல்லிக்கினே இருந்தேன். தெரிஞ்சிருந்தா டீச்சர் எங்கம்மாவ வெறுங்கையோட அனுப்பியிருப்பாங்களான்னு."

காபி நன்றாக இருந்தது. ஐந்து பத்து பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். இவர் நிறுத்தம்வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அவன் மனசு நோகக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்று எழுதலாம் என நோட்டைத் திறந்தேன். அப்படி இல்லை. எனக்காகத்தான் சொன்னேன்.